சவுக்காரப் பாட்டுக்காரி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரமானால் சுபாஜினியின் வீட்டில் மிக்ஸி போடக்கூடாது, தேங்காய் துருவக்கூடாது, கிணற்று மோட்டார்ப் பக்கமே போகக்கூடாது. முன் விறாந்தையில் அவளுடைய கணவன் ஜெயரூபனும் அவனுடைய சிநேகிதர் ஹரோல்டும் இரண்டு கதிரைகளைப் போட்டு உட்கார்ந்து, கைத்தொலைபேசியை எதிரில் கொழுவிவைத்து, உலகத்தோடு கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

யூரியூப்பில் அவர்களுடைய நிகழ்ச்சிக்குக் 'கசெற் பெட்டி' என்று பெயர். ஜெயரூபன் கொக்குவில் ஸ்ரேசனுக்குக் கிட்ட ரேடியோ, ரீவி, மின்விசிறி என்று எல்லாம் திருத்தும் கடை வைத்திருப்பவன். ஹரோல்ட் பண்டத்தரிப்புக்காரர், சங்கீத ஆசிரியர். காலையில் தேவாலயத்தில் ஓகன் வாசித்து, மத்தியானம் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். பிறகு இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

கறன்ற் இல்லாத அந்தப் போர்க் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் கசெற் போட்டுப் பாட்டுக் கேட்டதைச் சொல்வார்கள். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் பாடகருக்கும் சேர்ந்து களைத்துப்போகும். அதற்கும் முந்திய காலத்தில், கடல் தாண்டி வரும் இந்தியத் தொலைக்காட்சியைப் பிடிக்கக் கமுகில் அன்ரெனா கட்டியதைச் சொல்வார்கள். மேலே ஒருவன் அதைத் திருப்பத் திருப்ப, கீழே இன்னொருவன் தெரியுது, தெரியேல்லை, இப்ப தெரியுது என்று கத்திக்கொண்டு நிற்பான். அந்தக் கதைகளைக் கேட்கக் கனடாவில் ஆட்கள் நித்திரைக் கண்ணோடு எழும்பி வந்து குந்தியிருப்பார்கள். லண்டனிலிருந்து ஒருவர் ஒவ்வொரு கிழமையும் தவறாமல் இருதயப் படம் ஒன்றை அனுப்புவார். வேறொன்றும் எழுதமாட்டார்.

சுபாஜினி அந்த நேரத்தில் குசினியில் இருப்பாள். கதவைத் திறந்தேதான் வைத்திருப்பாள். பாதிக் கதை அவளுக்கும் பாடம். பிழையாகச் சொன்னால் தனக்குள்ளேயே திருத்திக்கொண்டு வடையைப் புரட்டுவாள். அவளையும் நிகழ்ச்சியில் வந்து இருக்கச் சொல்லி ஹரோல்ட் அண்ணை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். எண்ணெய் காயுது அண்ணை என்று சொல்லி அவள் தப்பிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கதை விளம்பரங்களுக்குத் திரும்பியது. பெரிய நிறுவனங்களின் விளம்பரங்களை எல்லாரும் கதைத்தாயிற்று, நாங்கள் எங்கடை ஊர் விளம்பரங்களைக் கதைப்போம் என்றார் ஹரோல்ட். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராதபோது, இங்கேயே சோடா செய்தார்கள், நெருப்புப்பெட்டி செய்தார்கள், சவுக்காரம் செய்தார்கள். அவற்றுக்கு விளம்பரமும் இருந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய கார் ஒன்றின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாகப் புகை கக்கிக்கொண்டு வந்து விளம்பரம் போட்டார்கள்.

"பால்நிலா சவுக்காரம்," என்றான் ஜெயரூபன். சொன்னதும் அவனுடைய முகமே மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தட்டிக்கொண்டு பாடினான்.

"நுரை பொங்கும் நுரை பொங்கும் பால்நிலா, நோகாமல் ஊத்தை போகும் பால்நிலா."

குசினியில் சுபாஜினியின் கை அப்படியே நின்றது. வடை ஒன்று கருகியது.

அந்தப் பாட்டைப் பாடியவள் அவள்தான்.

ஏ.எல். படித்துக்கொண்டிருந்த காலம். அவளும் அவளுடைய ரியூசன் சிநேகிதி ஹன்னாவும் கசெற்றில் பாட்டுப் பதியக் கொடுப்பதற்காக, அந்த வேலை செய்யும் யாகப்பு அண்ணையின் ரெக்கோடிங் பாருக்குப் போயிருந்தார்கள். உள்ளே யாகப்பு அண்ணையும் சவுக்காரக் கம்பனி முதலாளியும் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். பாட வரவேண்டிய பெட்டைக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஜெனரேற்றரோ ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே கிடப்பது கடைசி மண்ணெண்ணெய். யாகப்பு அண்ணை திரும்பி, வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். உங்களில் ஆருக்குப் பாட வரும் என்று கேட்டார். ஹன்னா சுபாஜினியை முதுகில் பிடித்து உள்ளே தள்ளிவிட்டாள்.

ஒரே தரத்தில் பாடி முடித்தாள். நடுவில் ஒரு பிள்ளை பேசுவதுபோல, "அம்மா, எனக்கும் ஒரு கட்டி" என்று ஒரு வரி வரும். அதை ஹன்னா சொன்னாள். அதற்குப் பிறகு ஜெனரேற்றர் நின்றுபோனது. முதலாளி சந்தோசத்தில் ஆளுக்கு இரண்டு கட்டி பால்நிலா கொடுத்தார். அந்தச் சவுக்காரம் கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தும் நுரைக்கவில்லை. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள்.

பாட்டு ஊரெல்லாம் போனது. பாடியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. பிறகு இடம்பெயர்வு வந்தது. முழு யாழ்ப்பாணமும் ஒரே ரோட்டில் நடந்த அந்த மழையில், நாவற்குழிப் பாலத்தில் ஹன்னாவின் குடும்பத்தைக் கண்டாள். கை காட்டினாள். அதன் பிறகு ஹன்னாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கலியாணம் முடித்த புதிதில் ஜெயரூபனிடம் இதைச் சொல்லத்தான் இருந்தாள். ஒரு நாள் அவனுடைய கூட்டாளிகள் வந்து பழங்கதை கதைத்துக்கொண்டிருந்தார்கள். பால்நிலாக் கதை வந்தது. தேத்தண்ணித் தட்டோடு அவள் வாசலுக்கு வந்த நேரம், ஜெயரூபன் மூக்கை இரண்டு விரலால் பொத்திக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினான். சளி பிடிச்ச மூக்காலை பாடுற பெட்டை, உவளை எங்கை தேடிப் பிடிச்சவங்களோ என்றான். எல்லாரும் உருண்டு சிரித்தார்கள். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு அந்தக் கதைக்கு ஒரு பூட்டு.

இப்போது அதே மனிசன் விறாந்தையில் இருந்து, உலகம் முழுக்கக் கேட்க, அது தேன் குரல் என்கிறான். அப்பிடி ஒரு குரலை இந்த மண் இனிக் கேட்காது என்கிறான். ஹரோல்ட் ராகம் எல்லாம் சொல்லி விளக்கினார். இரண்டு பேருமாக அந்தப் பாடகியைக் கண்டுபிடித்துத் தரும்படி நேயர்களிடம் கேட்டுக்கொண்டார்கள்.

அன்று இராச் சாப்பாட்டுக்கு முன்னால் சுபாஜினி கட்டிலில் சாய்ந்திருந்து, கீழே வந்த கருத்துகளை வாசித்தாள். நேயர்களின் கதைப்படி அந்தப் பாட்டுக்காரி கனடாவில் பெரிய வீட்டோடு இருந்தாள். கன்னியாஸ்திரி ஆகி இத்தாலிக்குப் போனாள். வன்னியில் வாத்தியாரைக் கட்டினாள். ஒருவர் அவளை வள்ளத்தில் ஏற்றி நடுக்கடலில் சாகடித்தே விட்டார். அதற்குக் கீழே நாற்பது ஐம்பது பேர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். தன்னுடைய சாவுக்கு வந்த அனுதாபங்களை வாசித்துச் சுபாஜினி தலையணைக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

பிறகு அவளுக்கு ஒரு குறும்பு வந்தது. சமையல் வீடியோக்கள் பார்ப்பதற்காக அவள் வேறு பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பூனைப் படம் போட்டு, 'சமையல் பூனை' என்று பெயர். அதிலிருந்து எழுதினாள்: "எனக்கெண்டால் சளி பிடிச்ச மூக்காலை பாடுற மாதிரித்தான் இருந்தது."

அடுத்த ஞாயிறு ஜெயரூபன் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு கொதித்துப்போனான். சங்கீதம் என்றால் என்னவென்று தெரியாத ஆட்கள் எல்லாம் வாய் திறக்கிற காலமாகிவிட்டது என்றான். சமையல் பூனை சமையலோடு நிற்கவேண்டும் என்றான். ஒரு கலைஞரை மூக்கு என்று சொல்ல என்ன மனம் வேண்டும் என்று கேட்டபோது அவனுடைய குரல் தழுதழுத்தது. குசினியில் சுபாஜினி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவனுடைய வார்த்தையையே அவனுக்கு அனுப்பியிருக்கிறாள், அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் கூட.

அந்தக் கிழமை நடுவில்தான் நோர்வேயிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜெயரூபன் கடையைப் பூட்டிவிட்டு ஓட்டமாக வந்து, வாசலிலேயே நின்று அதைச் சுபாஜினிக்கு வாசித்துக் காட்டினான். வணக்கம் அண்ணாமார், பால்நிலாப் பாட்டைப் பாடியது நான்தான், நீங்கள் கதைத்ததைக் கேட்டு அழுதுவிட்டேன் என்று எழுதியிருந்தது. பெயர் ஹன்னா.

சுபாஜினி தொலைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். முடி கட்டையாக வெட்டி, கண்ணாடி போட்டு, கன்னம் கொஞ்சம் ஊதியிருந்தது. சிரிக்கும்போது ஒரு பக்கமாக இழுபடும் அந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் மனதில் எழுந்தது ஆத்திரம். ஒரு வரி பேசினவள், பாடினன் எண்டு எழுதுறாளே என்று நெஞ்சு கொதித்தது. அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள்ளேயே இன்னொன்று வந்து மோதியது. ஹன்னா இருக்கிறாள். பாலத்தில் கண்ட ஹன்னா, மழையில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஹன்னா, எங்கேயோ ஒரு குளிர் நாட்டில் உயிரோடு இருந்து கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கிறாள்.

"எப்பிடி, நல்ல செய்தியெல்லோ?" என்றான் ஜெயரூபன்.

நல்ல விசயம் என்று சொல்லி, தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் ஹன்னா வருவதாக ஏற்பாடானது. ஜெயரூபன் தலைமுடிக்கு மை பூசினான். மினுக்கி மடிப்பெடுத்த சேட் போட்டான். ஹரோல்ட் கிற்றாரும் கொண்டுவந்தார். சுபாஜினி அன்று ஒன்றும் பொரிக்கவில்லை. குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில், அலுமாரியோடு சாய்ந்து நின்றாள். அங்கிருந்து திரை தெரியும், கமராவுக்கு அவள் தெரியமாட்டாள்.

ஹன்னா நன்றாகக் கதைத்தாள். ரெக்கோடிங் பாரைச் சொன்னாள். கடைசி மண்ணெண்ணெயைச் சொன்னாள். யாகப்பு அண்ணையின் மூக்குத்தூள் மணத்தைக்கூடச் சொன்னாள். அது சுபாஜினிக்கே மறந்துபோயிருந்தது. நோர்வேயில், பேர்கன் நகரத்தில், தன்னுடைய பிள்ளைகளைக் குளிக்கவைக்கும்போது இந்தப் பாட்டைத்தான் பாடுவது என்றாள். வந்த புதிதில், ஒருவரையும் தெரியாத பனிக்காலத்தில், உடுப்புத் தோய்க்கும்போது தனியே பாடிப் பாடி அழுதது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்பது கேட்டுக்கொண்டு நின்ற சுபாஜினிக்கு விளங்கியது. அவ்வளவு காலமும் பாடிப் பாடி, பாட்டு அவளுடையதாகிவிட்டது.

"என்னோடை ஒரு சிநேகிதி வந்தவள்," என்றாள் ஹன்னா. "சுபா எண்டு பேர். நடுவிலை, அம்மா எனக்கும் ஒரு கட்டி எண்டு சொன்னது அவள்தான். எங்கை இருக்கிறாளோ தெரியாது. நான் தேடாத இடமில்லை. ஆரும் அறிஞ்சால் சொல்லுங்கோ."

ஜெயரூபன் மிகவும் உருகிப்போனான். நேயர்கள் அந்தச் சுபாவையும் தேடித் தரவேண்டும் என்றான். சுபா அவனுக்குப் பின்னால் அலுமாரியோடு நின்றாள்.

ஹரோல்ட் கிற்றாரை மடியில் வைத்து, பாடச் சொன்னார். ஹன்னா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். முதல் வரி ஒருமாதிரிப் போனது. இரண்டாவது வரியில் ஏறவேண்டிய இடத்தில் இறங்கினாள். ஹரோல்டின் விரல் ஒருகணம் தடுமாறிப் பின்னால் போய்ப் பிடித்தது.

சுபாஜினிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பாட்டுக்காகவா, ஹன்னாவுக்காகவா என்று பிறகு யோசித்தும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுச் சட்டையோடு, முடிந்த கொண்டையோடு நேரே போய் இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் நின்றாள்.

"எடி ஹன்னா," என்றாள். "ரெண்டாவது வரி உப்பிடி இறங்காது. மேலை போகும்."

ஜெயரூபன் கையால் அவளைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தான். நேரலை போகிறது என்று பல்லுக்குள்ளால் சொன்னான். திரையில் ஹன்னா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்பப் போட்டாள். பிறகு திரைக்கு மிகக் கிட்டே வந்தாள். அவளுடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"சுபா," என்றாள். பேர்கனில் ஒரு பெண்ணும் கொக்குவிலில் ஒரு பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை, கனடாவும் லண்டனும் பார்த்துக்கொண்டிருந்தன. ஹரோல்ட் எழும்பித் தன்னுடைய கதிரையைச் சுபாஜினிக்குக் கொடுத்தார்.

பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அம்மா சுகமோ, தம்பி எங்கே, எத்தனை பிள்ளைகள், ஏன் முடியை வெட்டினாய், உனக்குச் சீனி வருத்தமோ. ஜெயரூபன் ஒருவர் முகத்தையும் மற்றவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தன்னுடைய நிகழ்ச்சி தன்னுடைய கையை விட்டுப் போய்விட்டது என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது.

"அப்ப அந்த ஒரு வரியைச் சொன்ன பிள்ளை நீர்தானோ?" என்று கடைசியில் கேட்டான்.

சுபாஜினி திரைப் பக்கம் திரும்பினாள். ஹன்னாவிடம், அந்த வரியை ஒருக்கால் சொல்லடி என்றாள். அது உன்ரை வரியல்லோ என்றாள் ஹன்னா. பரவாயில்லை, நீ சொல்லு என்றாள் சுபாஜினி.

"அம்மா, எனக்கும் ஒரு கட்டி."

ஐம்பது வயதை எட்டிய பெண்ணின் வாயிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை வந்து போனது. அந்தக் கெஞ்சலும், கடைசியில் வரும் அந்தச் சிணுங்கலும், ஒரு துளி பிசகாமல். ஹரோல்ட் வாய்விட்டுச் சிரித்தார். ஹன்னா சிரிக்கவில்லை. தான் சொன்னதைத் தானே காது கொடுத்துக் கேட்பவள்போல இருந்தாள்.

"சுபா," என்றாள் மெதுவாக. "இதைச் சொன்னது நான்."

"ஓம்."

"அப்ப பாடினது?"

சுபாஜினி தரையைப் பார்த்தாள். கிற்றார் காத்துக்கொண்டிருந்தது. பிறகு பாடினாள். குரல் முன்னரைவிடத் தாழ்ந்திருந்தது, நடுவில் ஓரிடத்தில் கரகரத்தது. ஆனால் இரண்டாவது வரியில் சரியாக மேலே போனாள். போகும்போது குரல் மூக்குக்குள் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

ஜெயரூபனின் முகத்தில் முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாக மாறியது. சளி மூக்கு என்று யாரோ எழுதிய கருத்து ஞாபகம் வந்தவன்போல, எந்த நேரமும் சமையல் வீடியோ பார்க்கும் மனிசியைப் பார்த்தான். தன்னை மறந்து தன்னுடைய மூக்கைத் தொட்டான். உடனே கையைக் கீழே இறக்கினான்.

"சமையல் பூனை," என்றான், மூச்சுக்குள்ளேயே.

ஓம் என்று தலையை ஆட்டினாள் சுபாஜினி.

நேரலை முடிந்து, ஹரோல்டும் போன பிறகு, ஜெயரூபன் நெடுநேரம் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். கடைசியில் அவளிடம் வந்து, ஏன் ஒருநாளும் சொல்லேல்லை என்று கேட்டான். அவள் தேத்தண்ணித் தட்டையும் கூட்டாளிகளையும் பொத்திய மூக்கையும் சொன்னாள். அப்படி ஒன்று நடந்ததாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்றான். அவனைப் பார்க்க அதுவும் உண்மைபோலத்தான் இருந்தது. அவனுக்குள் தேன் குரல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. மூக்கை அவள் மட்டும் இத்தனை வருசம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"ஞாபகம் இல்லாட்டிலும் நான்தானே சொல்லியிருக்கிறன்," என்றான். "பிழைதான் சுபா."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. போதாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அவனையே தேத்தண்ணி போடச் சொன்னாள்.

அவன் குசினியில் சீனிப் போத்தலைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. ஹன்னா. சுபாஜினி அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போனாள். இரண்டு பேரும் பழைய ஆட்களையும் செத்தவர்களையும் கட்டினவர்களையும் ஒவ்வொருவராகக் கதைத்து முடித்தார்கள். பிறகு ஹன்னா கொஞ்சம் தயங்கினாள். தன்னுடைய பிள்ளைகளுக்கு, அவர்கள் கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து, அம்மா ஊரில் ஒரு பாட்டுக்காரி என்று சொல்லியே வளர்த்துவிட்டதாகச் சொன்னாள். சுபா, நான் வேணுமெண்டு சொன்ன பொய் இல்லையடி என்றாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சுபாஜினி. "நோர்வேயிலை பாடினது நீதானே. அதை அப்பிடியே விடு. இஞ்சத்தைக் கணக்கை நான் பாக்கிறன்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது, ஆனால் அது ஹன்னாவின் சிரிப்பு அல்ல. மகள் முழுநேரமும் பக்கத்தில் இருந்துதான் நேரலையைப் பார்த்தவளாம். இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறாளாம். தொலைபேசி கை மாறியது. ஒரு இளம் குரல், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, கவனமாகத் தமிழ் பேசியது.

"அன்ரி, அந்த சோப் நல்லதோ?"

சுபாஜினி கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தாள். அது நுரைக்காத கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.